கடிதத்தின் நான்காம் பக்கம்

சனிக்கிழமை காலைகளில் எங்கள் ஊர் ஃபுட் பேன்ட்ரியில், அதாவது இல்லாதவர்களுக்கு உணவுப் பொருட்களை இலவசமாகக் கொடுக்கும் இடத்தில், இருப்பேன். நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில், ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் சின்ன இடம் அது. ஆறு வருடத்துக்கு முன் சேர்ந்தபோது டின்களைத் தேதி பார்த்து அடுக்கும் வேலை கொடுத்தார்கள். இப்போது டின் பக்கம் போவதே குறைவு. ஓரத்தில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு உட்கார்ந்து, ஜனங்களுக்கு அரசாங்கத்திலிருந்து வந்த கடிதங்களைப் படித்துச் சொல்கிறேன். போன வருடக் கடைசியிலிருந்து அந்த மேசைக்கு முன்னால் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

ஜனவரியில் ஒரு அக்கா வந்தார். மதுரைப் பக்கம். வயது 59. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஊரில் வாங்கிய துணிக்கடைப் பையிலிருந்து, ஸ்நாப் என்ற அரசு உணவு உதவி பற்றி வந்த ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ஓரமெல்லாம் நைந்திருந்தது. எத்தனை முறை பிரித்து மடித்திருப்பாரோ.

"நான் படிச்சுட்டேன் கண்ணு. மாசம் 80 மணி நேரம் வேலை பார்த்திருக்கணுமாம். காலண்டர்ல எழுதிக் கூட்டிப் பார்த்தேன், 64தான் வருது. கார்டை நிறுத்திருவாங்கல்ல?"

"இருங்க அக்கா, முழுசாப் படிச்சுட்டுச் சொல்றேன்."

"முதல் பக்கத்துலயே போட்டிருக்கே."

போட்டிருந்தது உண்மைதான். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் 80 மணி நேரம், மூன்று மாதம் என்ற இரண்டும் இருந்தன. யார் பார்த்தாலும் கண் அங்கேயே நின்றுவிடும். அந்தக் கடிதம் ஐந்து பக்கம். அவருக்குத் தேவையான வரி நான்காம் பக்கத்தில் இருந்தது.

அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். நம் தமிழர்களில் பலர் இந்த நாட்டுக்கு ஹெச்-1பி விசாவில் வந்தவர்கள். அந்த விசாவில் இருப்பவர்களுக்கு ஸ்நாப் எனப்படும் இந்த உணவு உதவி கிடையாது. கிரீன் கார்டு வாங்கினாலும் பெரியவர்களுக்குப் பொதுவாக ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் பெரும்பாலானோர் இந்த உதவி தேவைப்படாத நிலைக்கு வந்துவிடுகிறோம். அதனால் தமிழ்ச் சங்கத்து வாட்ஸாப் குழுவில் வரி பற்றிக் கேட்டால் நாற்பது பேர் பதில் சொல்வார்கள், ஸ்நாப் பற்றிக் கேட்க எவருக்கும் வாய் வராது. "நம்ம ஆளுங்க யாரு அதெல்லாம் வாங்குறாங்க" என்று ஒரு பிறந்தநாள் விழாவில் ஒருவர் என்னிடமே கேட்டார். வாங்குகிறார்கள். கணவரை இழந்தவர்கள், விவாகரத்தாகித் தனியே பிள்ளை வளர்ப்பவர்கள், கடை நடத்தி நொடித்தவர்கள், உடம்பு முடியாமல் வேலையை விட்டவர்கள் எல்லாரும் நம்மிலும் இருக்கிறார்கள். கூச்சத்தால் வெளியே சொல்வதில்லை. அவர்களுக்கும், அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கும்தான் இந்தப் பதிவு.

ஸ்நாப் என்பது 1964 சட்டத்தின் வழியே வந்த பழைய ஃபுட் ஸ்டாம்ப் திட்டம்தான். 2008ல் பெயர் மாறியது. பணம் மத்திய அரசுடையது. மனு வாங்குவதும் சரிபார்ப்பதும் மாநிலத்தின் வேலை, நியூ ஜெர்சியில் அதைக் கவுன்டி அலுவலகங்கள் செய்கின்றன. மாதாமாதம் டெபிட் கார்டு போன்ற ஈபிடி கார்டில் பணம் ஏறும். அதில் அரிசி, பருப்பு, பால், காய்கறி வாங்கலாம். சோப்பு வாங்க முடியாது, சூடாக விற்கும் சாப்பாடும் பொதுவாக வாங்க முடியாது. நாடு முழுவதும் ஏறத்தாழ 4.2 கோடிப் பேர் இதை நம்பியிருக்கிறார்கள். 2024 நிதியாண்டில் ஒருவருக்குச் சராசரியாக மாதம் 187 டாலர் கிடைத்தது, அதாவது நாளைக்கு ஆறு டாலர் சொச்சம். தனி ஆளுக்கு இந்த நிதியாண்டின் உச்சவரம்பு 298 டாலர். நம் அக்காவுக்கு, அவருடைய வருமானமும் அறை வாடகையும் கணக்கிட்டு, 205 டாலர் வந்துகொண்டிருந்தது.

வேலை நிபந்தனை புதிதாக முளைத்ததல்ல. 1996ல் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சட்டத்தில் அது வந்தது. 18 முதல் 49 வயதுக்குள், உடல்நலத்தோடு, வீட்டில் பிள்ளைகள் இல்லாமல் இருப்பவர் மாதம் 80 மணி நேரம் வேலையிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று வருடத்தில் மூன்று மாதம்தான் உதவி. 2023ல் இன்னொரு சட்டம் வயதைப் படிப்படியாக 54 வரை கொண்டுபோனது. அப்போது அதற்கு ஈடாக முன்னாள் படைவீரர்கள், வீடற்றவர்கள், அரசுப் பராமரிப்பில் வளர்ந்து வெளியே வந்த இளைஞர்கள் ஆகிய மூவருக்கும் விலக்கு கொடுத்தார்கள்.

2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரவு செலவுச் சட்டம் இதையெல்லாம் மாற்றிவிட்டது. வயது வரம்பு 64 ஆனது. வீட்டில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் போதும் என்ற விலக்கு, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பொறுப்பானவர் என்று சுருங்கியது. 2023ல் கொடுத்த மூன்று விலக்குகளும் போயின. பூர்வகுடி மக்களுக்குப் புதிதாக ஒரு விலக்கு வந்தது. முன்பெல்லாம் வேலை கிடைப்பது அரிதான வட்டாரங்களுக்கு மாநிலங்கள் கேட்டால் நிபந்தனையைத் தள்ளிவைக்க முடியும். இனி, அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக, வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டிய இடத்துக்கு மட்டும்தான் அது. இந்த நிபந்தனை மாற்றங்களால் மட்டும் மாதத்துக்குச் சராசரியாக 24 லட்சம் பேர் திட்டத்திலிருந்து விழுவார்கள் என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே கணக்குச் சொல்லியிருக்கிறது.

நம் அக்காவுக்கு 55 முடிந்தபோது இந்த நிபந்தனை பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. 59ல் அது அவரைத் தேடி வந்துவிட்டது. ஏற்கெனவே உதவி பெறுபவர்களுக்கு இது, தகுதியை மறுபடி சரிபார்க்கும் ரீசர்டிஃபிகேஷன் சமயத்தில்தான் வருகிறது. ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை வரும் வழக்கமான படிவம்தானே என்று நினைத்துப் பிரிக்கிறார்கள், உள்ளே இது இருக்கிறது.

மூன்று மாதம் என்பதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கடிதம் வந்த நாளிலிருந்து மூன்று மாதம் என்று பொருளல்ல. விலக்கும் இல்லாமல், 80 மணி நேரமும் நிறையாமல், முழு மாத உதவியும் வாங்கிய மாதங்களை மட்டும் எண்ணுகிறார்கள். அப்படி 36 மாதத்துக்குள் மூன்று மாதம் சேர்ந்தால் நின்றுபோகும். மாத நடுவில் சேர்ந்து பாதிப் பணம் வாங்கிய மாதம் கணக்கில் வராது. 80 மணி நேரம் நிறைந்த மாதமும் வராது. இந்த மூன்றும் அடுத்தடுத்து வர வேண்டியதுமில்லை. தொடர்ந்து வேலை செய்கிறவருக்கு வெவ்வேறு வருடங்களில் மூன்று மோசமான மாதங்கள் வாய்த்தாலும் போதும். நின்றுபோன பிறகு, தொடர்ச்சியான ஏதாவது ஒரு 30 நாளில் 80 மணி நேரம் வேலை செய்து காட்டினால் மறுபடி சேரலாம். இதை அலுவலகத்தில் யாரும் தாமாகச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, நான்காம் பக்கத்துக்கு வருகிறேன்.

ஸ்நாப்பில் வேலை பற்றி இரண்டு விதிகள் உண்டு. ஒன்று பெரும்பாலானவர்களுக்குப் பொதுவானது: கிடைத்த வேலையைக் காரணமில்லாமல் விடாதே, வேலைக்குப் பதிவு செய்துகொள் என்பது போன்றது. இன்னொன்று இந்த 80 மணி நேர, மூன்று மாத விதி. பொது விதியிலிருந்து விலக்குப் பெற்றவருக்கு இரண்டாவது விதியிலிருந்தும் தானாகவே விலக்கு உண்டு. பொது விதியின் விலக்குகளில் ஒன்று, வாரத்துக்கு 30 மணி நேரம் வேலை செய்பவர், அல்லது 30 மணி நேரத்துக்கான மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியைச் சம்பாதிப்பவர் என்கிறது. அந்த 'அல்லது' பலருடைய சாப்பாட்டைக் காப்பாற்றக்கூடியது. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009லிருந்து ஏறவேயில்லை. அதை 30ஆல் பெருக்கினால் 217.50.

வாரம் 217.50 டாலர் சம்பாதித்தால் மணிக்கணக்கை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

அக்கா ஒரு தென்னிந்திய உணவகத்தின் சமையலறையில் வாரம் நான்கு நாள், நாளைக்கு நான்கு மணி நேரம் மாவு அரைத்து, சட்னிக்கு நறுக்கிக் கொடுக்கிறார். மொத்தம் 16 மணி நேரம். மணிக்கு 16 டாலர். வாரம் 256.

"அக்கா, உங்களுக்கு 80 மணி நேரம் வேண்டியதே இல்ல. நீங்க விலக்குல வர்றீங்க."

அவர் நம்பவில்லை. முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நான் நான்காம் பக்கத்தில் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, பக்கத்திலேயே 16ஐ 16ஆல் பெருக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக உணவக முதலாளியிடம் இன்னும் நாலு மணி நேரம் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். அவர் இல்லை என்று சொல்லிவிட்டாராம். அதனால் அறை வாடகைக்கு வைத்திருந்த பணத்தில் அரிசி மூட்டை வாங்கி வைத்துவிட்டாராம், கார்டு நின்றுவிட்டால் என்ன செய்வது என்று.

எனக்குக் கோபம் வந்தது. அதை அவர் முன்னால் காட்டவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தபின்னும் ஆறவில்லை. ஒரு பெண் ஒழுங்காக வேலைக்குப் போகிறார், சட்டம் கேட்பதற்கு மேலேயே சம்பாதிக்கிறார், அவரிடம் போய் நீ தகுதியில்லாதவள் என்று நினைக்கும்படியாக ஒரு கடிதத்தை எழுதலாமா? முதல் பக்கத்திலேயே "வாரம் 217.50 டாலருக்கு மேல் சம்பாதிக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வியைப் போட்டிருந்தால் மூன்று வாரத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

விலக்கு இருக்கிறது என்பது வேறு, அதைக் காட்டுவது வேறு. அக்கா சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வைப்பதில்லை. காசோலையை வங்கியில் போட்டதும் சீட்டு குப்பைக்குப் போய்விடும். முதலாளியிடம் கடிதம் கேட்கப் பயந்தார், "இவளால நமக்கு வம்பு வருமோன்னு நினைச்சுட்டா, வேலையும் போயிரும்" என்றார். நானே கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தேன்: இன்ன தேதியிலிருந்து வேலை செய்கிறார், வாரம் இத்தனை மணி நேரம், இவ்வளவு கூலி, கீழே கையெழுத்து, தொலைபேசி எண். நான்கே வரி. முதலாளி படித்துப் பார்த்துவிட்டு அப்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதோடு அவரிடமே வாங்கிய நான்கு வாரச் சம்பளச் சீட்டின் நகலையும் வைத்து, கவுன்டி அலுவலகத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டோம். முத்திரை வாங்குவது முக்கியம். தபாலில் அனுப்பியது வரவில்லை என்ற பதிலை இந்த ஆறு வருடத்தில் எண்ணிக்கையில்லாமல் கேட்டுவிட்டேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது, விலக்கு ஏற்கப்பட்டது என்று. அக்கா அதைத் தெய்வப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். அடுத்த வருடம் அவருக்கு 60 ஆகிறது. காலமான கணவரின் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்திலிருந்து, கணவரை இழந்தவருக்குரிய பங்கை 60லிருந்தே கேட்கலாம், மறு திருமணம் செய்யாதவர். அதையும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. அதே மாதம் ஒரு அம்மா வந்தார், தமிழர் அல்ல, குவாத்தமாலாவில் பிறந்து இங்கே குடியுரிமை பெற்றவர். 15 வயது மகனோடு தனியாக இருக்கிறார். செயலி வழியே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. மகனுக்கு 18 ஆகும்வரை தனக்கு நிபந்தனை இல்லை என்று இருந்தவர். புதுச் சட்டத்தில் 14 ஆகிவிட்ட பிள்ளை விலக்குக்கு உதவாது. 15 வயதுப் பையன் எவ்வளவு சாப்பிடுவான் என்று வீட்டில் ஒருவன் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அவர் நிபந்தனையை நிறைவேற்றாவிட்டால் மகனின் பங்கை வெட்ட மாட்டார்கள், அம்மாவின் பங்கைத்தான் வெட்டுவார்கள். காகிதத்தில் நியாயம்போல் தெரியும். இருவர் வீட்டுக்கு உச்சவரம்பு 546 டாலர், ஒருவருக்கு 298. அம்மாவின் சம்பாத்தியத்தில் ஒரு பகுதியை அப்போதும் வீட்டு வருமானமாக எண்ணுவார்கள். வீட்டில் அடுப்பு ஒன்றுதான். அம்மா தட்டில் குறைத்துக்கொண்டு மகனுக்குப் போடுவார், அல்லது இருவருமே குறைத்துக்கொள்வார்கள். எந்தத் தாய் இதில் மகனுடைய பங்கு இது, என்னுடையது இது என்று பிரித்துப் பரிமாறுவார்?

அவருக்கு நேரக் கணக்குதான் சிக்கல். சொந்தமாகச் செய்யும் வேலையும் 80 மணி நேரத்தில் சேரும். ஆனால் எழுதி வைத்திருக்க வேண்டும். செயலியிலிருந்து வாராந்திர வருமானத் தாளை இறக்கி வைக்கச் சொன்னேன். ஒரு சின்ன நோட்டில் கிளம்பிய நேரம், வீடு திரும்பிய நேரம் எழுதச் சொன்னேன். கார் பழுதாகி ஒரு வாரம் போனால் மெக்கானிக் ரசீதைப் பத்திரப்படுத்தச் சொன்னேன். இருக்கிற வேலைக்குத் தற்காலிகமாகப் போக முடியாமல் போனதற்கு நோய், வீட்டில் அவசரம், போக்குவரத்து இல்லாமை போன்ற தக்க காரணம் இருந்தால் அந்த மணி நேரங்களை வேலை செய்ததாகவே கொள்ள வேண்டும் என்று விதியே சொல்கிறது. இதுவும் கேட்டால்தான் கிடைக்கும்.

எங்கள் பகுதியில் டர்ன்பைக் நெடுஞ்சாலையின் 8ஏ வெளிவாயிலைச் சுற்றி மைல் கணக்கில் கிடங்குகள். அங்கே தற்காலிக ஆட்களாக வேலை செய்பவர்கள் பேன்ட்ரிக்கு நிறைய வருகிறார்கள். நவம்பர், டிசம்பரில் வாரம் 50 மணி நேரம் கூட வேலை இருக்கும். ஜனவரி பிறந்ததும் "கூப்பிடுறோம்" என்று அனுப்பிவிடுவார்கள். வருடக் கணக்கில் பார்த்தால் மாதம் 80 மணி நேரத்துக்கு மேலேயே வரும். மாதக் கணக்கில் பார்த்தால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் குறை. டிசம்பரில் கூடுதலாகச் செய்ததை ஜனவரிக்கு எடுத்துப் போட வழியில்லை. நேரத்தைத் தீர்மானிப்பது கம்பெனி, தண்டனை தொழிலாளிக்கு.

நிபந்தனை போட்டால் ஜனங்கள் வேலைக்குப் போவார்கள் என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் நம்பிக்கை. அப்படி நினைப்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் சொந்த மைத்துனரே அப்படித்தான் நினைக்கிறார். ஆனால் இதை ஏற்கெனவே சோதித்துப் பார்த்தாயிற்று. வர்ஜீனியா மாநிலத்தில் 2013ல் நிபந்தனை திரும்ப அமலுக்கு வந்தபோது நடந்ததைப் பொருளாதார ஆய்வாளர்கள் அரசுப் பதிவேடுகளை வைத்தே பார்த்தார்கள். நிபந்தனைக்கு உட்பட்டவர்களிடையே திட்டத்தில் இருந்தவர்களின் அளவு 53 சதவீதம் குறைந்தது. வேலையில் இருந்தவர்களின் அளவு கூடியதற்குத் தடயம் கிடைக்கவில்லை. அதிகம் விழுந்தவர்கள் வீடில்லாதவர்கள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பவளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வேலையை விதி உண்டாக்கித் தருவதில்லை, வேலை செய்ததற்கான சீட்டை மட்டும் கேட்கிறது.

நான் சென்னை மந்தைவெளியில், பக்கிங்ஹாம் கால்வாய்க்குக் கொஞ்ச தூரத்தில் வளர்ந்தவள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அந்தக் கால்வாய்ப் பகுதி தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78ல், பசித்து வந்தவர்களைக் கொண்டு நிவாரண வேலையாக வெட்டியது. அந்தப் பஞ்சத்தில்தான் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வந்து, நிவாரண வேலை செய்பவருக்கான தானியத்தை நாளைக்கு ஒரு பவுண்டாகக் குறைத்தார். உடல் உழைப்புக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். பசித்தவன் உண்மையாகவே பசித்தவனா என்று வேலை கொடுத்துச் சோதித்துப் பார்க்கும் எண்ணம் அவ்வளவு பழையது. நான் வளர்ந்த காலத்தில் அதே தெருவில் என் அப்பா ரேஷன் கடையில் பச்சை அட்டையை நீட்டி அரிசி வாங்கிவருவார். போன மாதம் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தாய் என்று கடைக்காரர் கேட்டதில்லை. 1997ல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லாருக்கும் என்றே வைத்துக்கொண்டது. அதன் அருமை எனக்கு இந்தக் கீழ்த்தள மேசையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

இனி சுருக்கமாகச் சில விஷயங்கள். ஈழத்திலிருந்து வந்து இங்கே தஞ்சம் பெற்றவர்கள் கவனிக்க வேண்டும்: அகதி, தஞ்சம் பெற்றவர் என்ற நிலையை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்நாப் பெறுவதை அதே 2025 சட்டம் நிறுத்திவிட்டது. தஞ்சம் கிடைத்து ஒரு வருடம் ஆனதும் கிரீன் கார்டுக்கு மனு செய்யலாம், அதைத் தள்ளிப்போடாதீர்கள். கார்டு வந்ததும் ஸ்நாப்புக்கு மறுபடி விண்ணப்பியுங்கள். அப்புறம், ஏழைகளுக்கான மருத்துவ உதவியான மெடிகெய்டுக்கும் பல மாநிலங்களில் இதேபோல் 80 மணி நேர விதி 2027 ஜனவரிக்குள் வருகிறது. இன்று சேர்த்து வைக்கும் சம்பளச் சீட்டு அன்றைக்கும் உதவும். உதவியை நிறுத்துகிறோம் என்று கடிதம் வந்தால் மேல்முறையீட்டு விசாரணை கேட்க 90 நாள் அவகாசம் உண்டு. ஆனால் நிறுத்தம் அமலுக்கு வரும் தேதிக்கு முன்பே கேட்டால் பொதுவாக விசாரணை முடியும்வரை பணம் தொடரும், தோற்றால் அதைத் திருப்பிக் கேட்பார்கள். அதனால் கடிதத்தை அன்றைக்கே பிரிக்க வேண்டும். நம் வீடுகளில் தபாலை வாரக்கணக்கில் மேசையில் குவித்து வைக்கும் வழக்கம் இருக்கிறதே, இந்த ஒரு உறைக்கு அது கூடாது.

இதில் தன்னார்வ வேலைக்கும் இடமுண்டு. சம்பளமில்லாமல் பேன்ட்ரியில் செய்யும் வேலையும் 80 மணி நேரத்தில் சேரும். அதனால் இப்போது எங்களிடம் ஒரு கையெழுத்துத் தாள் இருக்கிறது. வந்து டின் அடுக்குபவர்கள் நேரத்தை எழுதுகிறார்கள், நாங்கள் கையெழுத்திடுகிறோம். ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உச்சவரம்பான 298 டாலரை 80 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 3.73 டாலர்கூட வரவில்லை. மாநிலமே ஏற்பாடு செய்யும் வொர்க்ஃபேர் என்ற முறையில் உதவித் தொகையைக் குறைந்தபட்சக் கூலியால் வகுத்து வரும் மணி நேரம் செய்தால் போதும். நியூ ஜெர்சியின் குறைந்தபட்சக் கூலியான 15.92 டாலர் கணக்கில் அது மாதம் 18 மணி நேரம்தான். ஆனால் அந்த ஏற்பாடு எல்லா இடத்திலும் இல்லை. உங்கள் ஊரில் இருக்கிறதா என்று, உங்கள் மனுவைக் கவனிக்கும் அலுவலரான கேஸ் வொர்க்கரிடம் கேளுங்கள்.

எங்கள் தாளில் ஒவ்வொரு வாரமும் முதலில் கையெழுத்திடுபவர் ஒரு முன்னாள் ராணுவ வீரர். 57 வயது. ரயில் நிலைய வண்டி நிறுத்தத்தில் தன் காரிலேயே தூங்குகிறார். 2023 சட்டத்தில் 54 தாண்டியவர் என்பதோடு அவருக்கு இன்னும் இரண்டு விலக்கு இருந்தது, படைவீரர் என்று ஒன்று, வீடற்றவர் என்று ஒன்று. எல்லாமே போய்விட்டன. முழங்கால் வீங்கியே இருக்கிறது, நின்று வேலை செய்ய முடியாது. அதனால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருபவர்களுக்கு எண் கொடுக்கிறார். சனிக்கிழமைக்கு மூன்று மணி நேரம். மாதத்துக்குப் பன்னிரண்டு. எழுத்து அச்சுப்போல இருக்கும், உள்ளே வந்த நிமிடத்தைக்கூட எழுதுவார்.

போன நவம்பரில் அரசு முடங்கி யார் கார்டிலும் நேரத்துக்குப் பணம் ஏறாமல் இருந்தபோது, வரிசை தேவாலயத்தைச் சுற்றி அடுத்த தெரு வரை நின்றது. அன்று நான்கு மணி நேரம் குளிரில் எண் கொடுத்தது அவர்தான். கடைசியில் தனக்கென்று பை எடுத்துக்கொள்ள மறந்து போய்விட்டார், நான் ஓடிப் போய்க் கொடுத்தேன்.

அவருக்கு வேலை செய்ய இயலாதவர் என்ற விலக்கு பொருந்தும் என்று நினைக்கிறேன். அதற்கு ஊனமுற்றோர் உதவித்தொகை வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு மருத்துவரோ, செவிலியரோ, சமூகப் பணியாளரோ எழுதிக் கொடுத்தாலும் ஏற்க வேண்டும் என்பது விதி. இரண்டு மாதம் முன்பே சொன்னேன். "என்னைவிட மோசமாக இருப்பவர்களுக்கு அது" என்று மறுத்துவிட்டார். போன சனிக்கிழமை அவராகவே மேசைக்கு வந்து, அந்தப் படிவம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். எண்ணப்படும் மாதங்களில் அவருக்கு இரண்டு போய்விட்டன.

செவ்வாய்க்கிழமை காலை 10.40க்குக் க்ளினிக்கில் நேரம் கிடைத்திருக்கிறது. அலுவலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லியிருக்கிறேன். ஒன்பதரைக்கு ரயில் நிலையத்தில் அவரை ஏற்றிக்கொள்கிறேன். படிவத்தில் அவர் நிரப்ப வேண்டிய பகுதியை நிரப்பிக் கொடுத்துவிட்டார், அதே அச்செழுத்தில். செவிலியர் எழுத வேண்டிய பாதி மட்டும் காலியாக இருக்கிறது.